பலாமரத்துச் சாக்குகள்

எல்கடுவ, மேல்பிரிவு லயம்
11.02.2024

டாக்டர் ஹம்சிகா அவர்களுக்கு,

அண்ணன் முத்துவீரன் எழுதிக்கொள்வது. டாக்டர் என்று எழுதியதில் குறை இல்லையே? லயத்து வரிசை வீடுகளில் இப்போது உன் பெயரை அப்படித்தான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுக் காறித் துப்புகிறார்கள்.

ஃபோனில் பேசியிருக்கலாம். பேசினால் கத்துவேன். கத்தினால் காம்பரா அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ராசம்மா அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுப்பாள். அதனால்தான் உன் நம்பரை அடைத்துவிட்டு இதை எழுதுகிறேன். பால் லொறி ஓட்டும் பாறூக் நானா கண்டிக்கு வரும்போது உன் ஆய்வுகூட வாசலில் கொடுப்பார்.

நேற்றுக் காலையில் பால் சேகரிக்கும் நிலையத்தில் நம் பிரிவுப் பாலை எடுக்கவில்லை. கேனைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என்ன விஷயம் என்று கேட்டேன். அங்கிருந்த பையன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “மாட்டுக்கு நோயாம். வெட்டினரி ஒஃபிஸ்ல இருந்து சொல்லிட்டாங்க. உங்க தங்கச்சிதான் எழுதிக் குடுத்திருக்காங்க, அவங்கள கேளுங்க.” எல்லாப் பாலையும் திருப்பிக் கொண்டுவந்து லயத்துச் சாக்கடைக் கானில் ஊற்றினோம். கான் வெள்ளையாக ஓடியதைப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ராசம்மா அக்கா என் வாசலுக்கே வந்து, “ஒந் தங்கச்சி எங்க வயித்துல அடிச்சிட்டா”ன்னு சொல்லிவிட்டுப் போனாள். நான் காலிக் கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

தீபாவளிக்கு வந்தபோது கையுறையும் இரத்தம் எடுக்கிற குழாயுமாக ஒவ்வொரு கொட்டிலாக ஏறி இறங்கினாய். நம்ம முத்துவீரன் தங்கச்சி, நம்ம புள்ள என்றுதான் மாட்டைப் பிடித்துக் கொடுத்தார்கள். சும்மா ஓர் ஆராய்ச்சிதான் என்று சொன்னாய். பொங்கலுக்கும் வந்தாய். மாட்டுப்பொங்கலன்று செவலையின் கழுத்தில் நீதான் மாலை போட்டாய். அவள் பாலில் பொங்கியதைச் சாப்பிட்டாய். உன் அண்ணி வாயும் வயிறுமாக இருப்பதை எனக்கு அடுத்து உன்னிடம்தான் சொன்னாள். ஒன்பது வருடம் கழித்து நிரோஜாவின் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது என்று நீயும் சேர்ந்து அழுதாய்.

நீ போன அந்த வாரத்திலேயே செவலை கன்று வீசிவிட்டாள். நான் தேயிலை மலையில் வேலைக்கு நின்றேன். நிரோஜாதான் தனியாக உட்கார்ந்து, செத்த கன்றை இரண்டு கையாலும் இழுத்து எடுத்தாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பொங்கலன்று இந்த நோய் உனக்குத் தெரியுமா, தெரியாதா? சுற்றி வளைக்காமல் எழுது.

முத்துவீரன்


கண்டி
15.02.2024

அண்ணனுக்கு,

தெரியும்.

சுற்றி வளைக்காமல் கேட்டீர்கள், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். இனி நான் சொல்வதையும் கேளுங்கள்.

பொங்கலன்று என்னிடம் இருந்தது முதல் பரிசோதனையின் முடிவு மட்டும். அது கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடியது இல்லை. வேறு கிருமிக்கும் சில சமயம் அப்படியே காட்டும். இரண்டாவது பரிசோதனை முடியும்வரை மாட்டுக்காரர் யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் விதி. விதியை மீறி உங்களிடம் மட்டும் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். மறுநாளே செவலையை இரத்தோட்டைக்கு ஓட்டிப்போய், வாங்கின இடத்திலேயே விற்றிருப்பீர்கள். வேறொரு கொட்டிலில் போய்க் கன்று வீசியிருப்பாள்.

ஆனால் அண்ணியிடம் சொன்னேன். “மாட்டுக் கொட்டில் பக்கம் போகாதீங்க அண்ணி, புள்ள பொறக்கிற வரைக்கும்”னு கையைப் பிடித்துச் சொன்னேன். பக்கத்தில் நின்று சிரித்தது யார், நீங்கள்தானே? “கண்டிக்குப் போய் ரெண்டு வருஷத்துல சாணி நாத்தம் புடிக்காமப் போச்சு ஒனக்கு”ன்னு கேலி செய்தது யார்?

இது கன்று வீச்சு நோய். கிருமி பனிக்குடத் தண்ணீரில் இருக்கும், செத்த கன்றில் இருக்கும், நஞ்சுக்கொடியில் அப்பியிருக்கும், பாலிலும் வரும். பாலைக் காய்ச்சினால் செத்துவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். கையில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தால் மனிதருக்குள்ளும் போய்விடும். கொழுந்து பறிக்கிற கையில் வெடிப்பு இல்லாத கை எது?

பால் போன கதையை இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள். அண்ணிக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வருகிறது என்பதை ஏன் எழுதவில்லை? பாறூக் நானா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. எனக்கு வந்த கோபத்தில் அவரையே ஏசிவிட்டேன், பாவம். மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கன்று வீசிய மாட்டைத் தொட்டவள் என்று சொல்லி இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதி செய்யாத மருந்து இருக்கிறது. வைத்தியம் பார்க்காமல் விட்டால் மாட்டுக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கலாம். இதற்கு மேல் வெளிப்படையாக எனக்கு எழுத வராது.

இன்னொன்று. நம் லயத்து மாடுகள் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. எல்லாம் தனித்தனிக் கொட்டில், வெட்டிப் போடுகிற புல். காளையும் கிடையாது, சினைக்கு ஊசிதான் போடுகிறார்கள். அப்படியிருக்க உங்கள் செவலைக்கும் ராசம்மா அக்காவின் மாட்டுக்கும் அடுத்த வீட்டு மாட்டுக்கும் இது எப்படிப் பரவியது? இங்கே யாருக்கும் விளங்கவில்லை. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் என்ன செய்தீர்கள்? நாய் இழுத்துக்கொண்டு போனதா?

ஹம்சிகா


எல்கடுவ
22.02.2024

ஹம்சிகா,

தெரியும் என்று எழுத உன் கை கூசவில்லை. நல்லது.

விதியாம். நீ ஒன்றாம் வகுப்புக்குப் போன நாளில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த மழையில் இறங்கினேனே, அதற்கு எந்த விதி இருந்தது? செவலையை விற்றிருப்பேன் என்கிறாய். விற்றிருப்பேனோ என்னவோ. ஆனால் உன் அண்ணி அதைத் தொட்டிருக்க மாட்டாள். அதை மட்டும் உன் படிப்பு யோசிக்கவில்லை.

நாய் இழுத்துக்கொண்டு போனதா என்று கேட்கிறாய். எங்களை என்னவென்று நினைத்தாய்? கன்றைக் கொய்யா மரத்தடியில் நானே புதைத்தேன். நஞ்சுக்கொடியைச் சாக்கில் வைக்கோலோடு சேர்த்துக் கட்டி, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு மேலே இருக்கிற பலாமரத்தில் ஏற்றினேன். அப்பா செய்ததுதான். பால் வடிகிற மரத்தில் ஏற்றாவிட்டால் மடி வற்றிப் போகும் என்பது உனக்குத் தெரியாதா? செத்த கன்று என்பதற்காக அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ராசம்மா அக்காவும் அப்படித்தான் செய்தாள், லயத்தில் எல்லோரும் அப்படித்தான். கண்ட இடத்தில் போட்டு நாய் தின்ன விடுகிற சோம்பேறி எவனும் இங்கே இல்லை. அதையும் எழுதி உன் பெரியவர்களிடம் கொடு.

நிரோஜாவுக்கு வருவது சாதாரணக் காய்ச்சல். டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். டெங்கு இல்லை என்று பார்த்தாயிற்று. மாலையானால் உடம்பு சுடுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, இடுப்பு வலி என்கிறாள். பிள்ளை வயிற்றில் இருந்தால் இடுப்பு வலிக்காதா?

என் பெண்சாதிக்கு மாட்டு நோய் என்று நான் ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்ல வேண்டுமா? அந்தச் சொல் பஸ்ஸில் எனக்கு முன்னால் லயத்துக்கு வந்துவிடும். ஒன்பது வருடம் அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். இப்போதுதான் அந்த வாய்கள் மூடியிருக்கின்றன. மாட்டு நோய்க்காரி என்று இன்னொரு பெயரை நான் வாங்கிக் கொடுக்க மாட்டேன். உன் நாக்கில் சனி உட்கார்ந்திருக்கிறான். வயிற்றில் இருக்கிற பிள்ளையைப் பற்றி அப்படி எழுதுகிறவள் அத்தையா?

முத்துவீரன்


கண்டி
24.02.2024

அண்ணே,

சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம். இதை உடனே படியுங்கள்.

அந்த மரம்தான்.

பலாமரத்துக்குக் கீழே பீலித் தண்ணீர் கசிகிற சரிவில்தான் புல் முழங்காலுக்கு மேல் வளரும். மாடு தனித்தனியாக நின்றாலும் எல்லோரும் புல் அறுப்பது அந்த ஒரே சரிவில். மேலே சாக்கு தொங்குகிறது. காகம் கொத்துகிறது, மழை பெய்கிறது, சாக்கில் ஊறினது எல்லாம் புல்லில் வடிகிறது. அந்த நிழலிலும் ஈரத்திலும் கிருமி மாதக்கணக்கில் சாகாது. ஒரு மாடு வீசியதை மரத்தில் ஏற்றி, மற்ற எல்லா மாட்டுக்கும் நாமே அறுத்துக் கொண்டுவந்து ஊட்டியிருக்கிறோம்.

தீபாவளிக்கு வந்தபோது நான் அந்த மரத்து நிழலில்தான் நின்று குழாய்களில் பெயர் ஒட்டினேன். தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை. இங்கே பிறந்த எனக்கே தோன்றவில்லை என்று நினைக்க நினைக்க என்னையே அறைய வேண்டும்போல இருக்கிறது.

செய்ய வேண்டியதை எழுதுகிறேன், அப்படியே செய்யுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள். சாக்குகளை இறக்கி எரியுங்கள். எரிக்க முடியாததைப் பீலியிலிருந்து தள்ளி, இடுப்பளவு ஆழமாகத் தோண்டிப் புதையுங்கள். அடியில் சுண்ணாம்பு, மேலேயும் சுண்ணாம்பு. மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு, நாய் தோண்டாதபடி கல் அடுக்குங்கள். சரிவில் இனி யாரும் புல் அறுக்கக்கூடாது. அண்ணி அந்தப் பக்கமே போகக்கூடாது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மறுபடியும் எழுதுகிறேன், எத்தனை தடவையும் எழுதுவேன்.

ஒரு வாரத்துக்குள் சாக்கை நீங்கள் இறக்காவிட்டால் நான் வந்து இறக்குவேன்.

ஹம்சிகா


எல்கடுவ
09.03.2024

ஹம்சிகா,

சொன்னபடி வந்துவிட்டாய். நான் மலையில் நிற்கிற நேரமாகப் பார்த்து வந்தாய்.

வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டு, கூட இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு, லயமே பார்க்க மரத்தில் ஏணி வைத்தாயாம். எல்லாச் சாக்கையும் அறுத்துப் போட்டுப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினாயாம். அதில் ஒன்று, ராசம்மா அக்காவின் மற்ற மாடு உயிரோடு கன்று போட்டதும் முந்தின நாள்தான் கட்டியது. நல்ல கன்று, துள்ளிக்கொண்டு நிற்கிறது. அதன் சாக்கும் எரிந்தது. அன்றிலிருந்து அந்த மாட்டுக்குப் பால் இறங்கவில்லை என்று தினமும் என் வாசலில் மண்ணை வாரித் தூற்றுகிறாள்.

அது போகட்டும். நிரோஜா காய்ச்சலோடு எழுந்து உனக்கு டீ போட்டிருக்கிறாள். இஞ்சி தட்டிப் போட்டு, அந்தப் பூப்போட்ட கோப்பையில் ஊற்றி, பீலிவரைக்கும் நடந்து கொண்டுவந்திருக்கிறாள். நீ என்ன செய்தாய்? “கிட்ட வராதீங்க! அங்கேயே நில்லுங்க!”ன்னு கத்தினாயாம், தெருநாயை விரட்டுகிற மாதிரி. அவ்வளவு பேருக்கு முன்னால் டீயைக் கானில் ஊற்றிவிட்டுத் திரும்பினாள் என் பெண்சாதி. நீ வீட்டு வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாய்.

நான் வேலை முடிந்து வந்தபோது கோப்பையைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். “நான் போட்ட டீயில என்னங்க இருக்கு?”ன்னு என்னிடம் கேட்டாள். உன்னை வளர்த்தவள். உனக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். அவள் கையில் டீ வாங்கிக் குடிக்க முடியாத அளவுக்கு நீ பெரிய ஆள் ஆகிவிட்டாய்.

இனி இந்த வீட்டுப் படி ஏறாதே.

முத்துவீரன்


கண்டி
14.03.2024

அண்ணனுக்கு,

என் உடுப்பில் அது இருந்தது. கையுறையில், காலணியில், தலைமுடியில் எல்லாம். ஒரு சாக்கு கிழிந்து என் தோளில் கொட்டியது. அதைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது வயிற்றுப் பிள்ளைக்காரி நேராக என்னிடம் நடந்து வருகிறாள். கத்தாமல் என்ன செய்யச் சொல்கிறீர்கள்? அவள் கையில் எனக்கு அருவருப்பு என்றா நினைத்தீர்கள்? என் மேல்தான் அழுக்கு. அதை அவளிடம் கொடுக்கக்கூடாது என்றுதான் கத்தினேன். உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டு, வீட்டுப் பக்கம் பார்த்தால் கால் அங்கேயே போய்விடும் என்று பார்க்காமல் இறங்கினேன். பஸ் மாத்தளைக்கு வரும்வரை அழுதுகொண்டு வந்தேன். அதையும் இந்தக் கடிதத்துக்காகத்தான் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ராசம்மா அக்காவின் சாக்கைப் பற்றி: நல்ல கன்று போட்ட மாட்டிலும் கிருமி இருக்கும். அந்தச் சாக்கை எரிக்கும் முன் எடுத்த துண்டிலிருந்து எங்கள் ஆய்வுகூடத்தில் கிருமி முளைத்திருக்கிறது. சரிவுப் புல்லின் மண்ணிலும் இருக்கிறது. இனி யாரும் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

இப்போது எனக்கு இருக்கிற கோபத்தைச் சொல்கிறேன். மாட்டுக்கு எது எப்படிப் பரவியது என்று கண்டுபிடித்துவிட்டேன். இங்கே எல்லோரும் கை கொடுக்கிறார்கள். என் சொந்த அண்ணியின் கையிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுக்க வைக்க எனக்கு முடியவில்லை. ஏனென்றால் என் அண்ணனுக்கு லயத்துக்காரர் வாய் பெரிது, பெண்சாதி உயிர் சின்னது. ஆமாம், அப்படித்தான் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் கிழித்துப் போடுங்கள், ஆனால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

படி ஏறமாட்டேன். நீங்கள் கூப்பிடும்வரை ஏறமாட்டேன். அவளை ஆஸ்பத்திரிக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள் அண்ணே.

ஹம்சிகா


எல்கடுவ
05.05.2024

தங்கச்சிக்கு,

பிள்ளை போய்விட்டது. ஆண் பிள்ளை.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை, பெட்டியில் போட்டு மூடினேன். சித்திரை வருடப்பிறப்பன்று நிரோஜா கோயிலுக்குப் போக எழுந்தவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் கூட்டிக்கொண்டு போனேன். நீ சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னேன். டாக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், எப்போதிலிருந்து காய்ச்சல் என்று கேட்டார். நான் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இரத்தத்தில் நீ சொன்னதுதான் இருந்தது. மருந்து தொடங்கி ஒரு வாரம் அவளுக்குக் காய்ச்சல் நின்றது, எழுந்து உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள். தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் வயிறு வலித்தது.

உன் மேல் கோபம் போகவில்லை. பொய் எழுத மாட்டேன். பொங்கலன்று நீ ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருந்தால் என்று நினைப்பேன், பல்லைக் கடிப்பேன். அடுத்த நிமிடம் நீ மாசி மாதமே எழுதினாயே என்று நினைப்பேன். அப்போது கடிக்கப் பல் போதாது.

செவலையை வெட்டினரி ஒஃபிஸ்காரர்கள் வந்து, நோய் மாடு என்று கொண்டுபோனார்கள். லொறியில் ஏறமாட்டேன் என்று நின்றாள், நான்தான் பிடித்து ஏற்றினேன். போன வாரம் கீழ்வீட்டுக்காரன் பழக்கதோஷத்தில் ஒரு சாக்கைக் கொண்டுபோய் அதே மரத்தில் கட்டிவிட்டான். நிரோஜா நடக்கவே முடியாமல் இருந்தவள், கம்பைப் பிடித்துக்கொண்டு போய் மரத்தடியில் நின்றாள். “எனக்கு வந்தது மாட்டு நோய்தான். எம்புள்ள போனதும் அதாலதான். இன்னும் யாரு வீட்டுப் புள்ள போகணும்?”னு லயத்துக்கே கேட்கக் கத்தினாள். நான் ஒளித்து வைத்ததை அவளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். ராசம்மா அக்காதான் ஏணி கொண்டுவந்தாள். அவள் மருமகளும் இப்போது முழுகாமல் இருக்கிறாள். இரத்தம் பார்க்க எல்லோரும் வருகிறோம் என்கிறார்கள், ஆனால் நீயும் கூட வர வேண்டுமாம்.

நிரோஜா உனக்கு ஒன்று சொல்லச் சொன்னாள். “அந்தக் கோப்பைய கழுவி வச்சிருக்கேன். இந்தத் தடவ உள்ள வந்து ஒக்காந்து குடிக்கணும், இல்லாட்டி நானே அவள அடிப்பேன்.” நானும் சொல்கிறேன், படி ஏறு.

வந்தால் பிள்ளையின் இடத்தைக் காட்டுகிறேன். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். கொண்டுவந்து, பீலியிலிருந்து தள்ளி இடுப்பளவு தோண்டினேன். அடியில் சுண்ணாம்பு போட்டேன், மேலேயும் போட்டேன். மண்ணை இறுக்கிவிட்டு, நாய் தோண்டாதபடி கல் அடுக்கினேன். நீ சாக்குக்கு எழுதிய கடிதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். எப்படிச் செய்வது என்று வேறு யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அண்ணன்